தூங்காத லேப்டாப், எழாத லேப்டாப்: லினக்ஸ் கர்னலின் பவர் பிழையை அறிகுறி வழியே பிடிப்பது

மூடியை மூடினால் லேப்டாப் தூங்க வேண்டும். திறந்தால் விட்ட இடத்திலிருந்து எழ வேண்டும். நடுவில் பேட்டரி ஏறக்குறைய அப்படியே இருக்க வேண்டும். லினக்ஸில் இதில் ஏதாவது ஒன்று தவறினால், தேடலில் கிடைத்த பூட் ஆப்ஷன்கள் (கணினி தொடங்கும்போது கொடுக்கும் அமைப்புகள்) நாலைந்தை ஒரே மூச்சில் சேர்த்துப் பார்ப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. சில சமயம் சரியாகிவிடும். ஆனால் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த கர்னல் (லினக்ஸின் மைய நிரல்) அப்டேட்டில் அதே தொல்லை திரும்பினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இங்கே நான் சொல்வது வேறு வழி. முதலில் எந்தக் கட்டத்தில் உடைகிறது என்று பார்ப்போம். அப்புறம் எந்தச் சாதனம், எந்த டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்), முடிந்தால் எந்தக் கமிட் (கர்னல் மூலத்தில் பதிவான ஒரு மாற்றம்) என்பது வரை போவோம். பொறுமை கேட்கும் வேலைதான், ஆனால் கர்னலை எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கர்னலே தனக்குள் இதற்கான கருவிகளை வைத்திருக்கிறது. பலருக்கு அவை இருப்பதே தெரிவதில்லை.

கோப்புப் பாதைகளையும் கட்டளைகளையும் ஒலிப்படி எழுதியிருக்கிறேன். பெரும்பாலானவற்றுக்கு ரூட் (நிர்வாகி) உரிமை வேண்டும்.

கை வைக்கும் முன்

கர்னல் பதிப்பு, பயாஸ் பதிப்பு, /ப்ராக்/சிஎம்டிலைன் கோப்பில் இருக்கும் பூட் ஆப்ஷன்கள், /சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப் கோப்பின் வரி: இந்த நான்கையும் எழுதி வையுங்கள். எப்போதோ ஒட்டவைத்த பழைய பூட் ஆப்ஷன்கள் இருந்தால் எடுத்துவிட்டு ஒருமுறை ரீபூட் செய்யுங்கள். அவை இருக்கும்வரை நீங்கள் பார்ப்பது உண்மையான அறிகுறி இல்லை.

மெம்_ஸ்லீப் வரி முக்கியமானது. அதில் 'எஸ்2ஐடில்', 'டீப்' என்ற சொற்கள் இருக்கும். இப்போது நடப்பில் உள்ளது சதுர அடைப்புக்குள் இருக்கும். டீப் என்பது பழைய எஸ்3 தூக்கம். ராமுக்கு மட்டும் மின்சாரம் போகும், மற்றதை ஃபர்ம்வேர் (பயாஸ் போல வன்பொருளோடு வரும் நிரல்) அணைத்துவிடும். எஸ்2ஐடில் அப்படி இல்லை. ஃபர்ம்வேரிடம் மொத்தப் பொறுப்பையும் ஒப்படைக்காமல், கர்னலே ப்ராசஸ்களை உறைய வைத்து, ஒவ்வொரு சாதனத்தையும் குறைந்த மின்நிலைக்கு அனுப்பி, சிபியுவைச் சும்மா இருக்க விடுகிறது. எல்லாச் சாதனங்களும் ஒத்துழைத்தால்தான் சிப்செட் ஆழமான நிலைக்கு இறங்கும். ஒன்று முரண்டு பிடித்தாலும் மேலோட்டமான தூக்கம்தான். அண்மைக் கால லேப்டாப்கள் பலவற்றில் டீப் என்ற சொல்லே இருக்காது. ஃபர்ம்வேர் தராத ஒன்றைக் கர்னல் தர முடியாது. அதனால் டீப்பை எப்படியாவது வரவழைக்கப் பார்ப்பதை விட, எஸ்2ஐடில் ஏன் ஆழம் போகவில்லை என்று பார்ப்பதே பலன் தரும்.

அடுத்து, பழி கர்னலுக்கா, அதற்கு மேலே இருப்பவற்றுக்கா என்று பிரியுங்கள். மூடி, டெஸ்க்டாப் மெனு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, 'மெம்' என்ற சொல்லை /சிஸ்/பவர்/ஸ்டேட் கோப்பில் நேரடியாக எழுதுங்கள். இப்படிச் செய்யும்போது ஒழுங்காகத் தூங்கி எழுகிறது, மூடியை மூடினால் மட்டும் தகராறு என்றால், சிஸ்டம்டி (சேவைகளை நிர்வகிக்கும் நிரல்) அல்லது டெஸ்க்டாப் அமைப்பைப் பாருங்கள். 'சிஸ்டம்டி-இன்ஹிபிட்' கட்டளையில் லிஸ்ட் ஆப்ஷன் கொடுத்தால் தூக்கத்தைத் தடுத்து நிற்கும் நிரல் எது என்று தெரியும். அங்கேயே விஷயம் முடிந்துவிடலாம்.

நேரடியாக எழுதியும் பிழை வருகிறதா? சரி, கர்னல் பக்கம் வருவோம். /சிஸ்/பவர் கோப்புறையில் பிஎம்_டீபக்_மெசேஜஸ், பிஎம்_ப்ரின்ட்_டைம்ஸ் இரண்டிலும் 1 என்று எழுதுங்கள். இனி தூங்கும்போதும் எழும்போதும் ஒவ்வொரு சாதனமும் எவ்வளவு நேரம் எடுத்தது என்பது லாகில் பதிவாகும். கையால் எழுப்பாமல் சோதிக்க ஆர்டிசிவேக் கட்டளை உதவும்: மெம் நிலைக்குப் போய் 30 விநாடியில் தானே எழும்படி சொல்லலாம். ஒரே சோதனையை ஒரே மாதிரி திரும்பச் செய்ய இது இல்லாமல் முடியாது.

தூங்கப் போகிறது, உடனே திரும்பிவிடுகிறது

கையாள எளிய அறிகுறி இது. இயந்திரம் உயிரோடு இருக்கிறது, லாகும் இருக்கிறது. டிமெசேஜில் (கர்னல் லாகைக் காட்டும் கட்டளை) 'சஸ்பெண்ட் என்ட்ரி' என்ற வரிக்கும் 'சஸ்பெண்ட் எக்ஸிட்' என்ற வரிக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

பயனர் ப்ராசஸ்களை உறைய வைக்க முடியவில்லை, 20 விநாடி ஆகிவிட்டது என்று வந்தால், ஏதோ ஒரு ப்ராசஸ் கர்னலுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதன் பெயரும் ஸ்டாக் ட்ரேஸும் அடுத்த வரிகளிலேயே இருக்கும். தொடர்பு அறுந்த என்எஃப்எஸ் மவுன்ட் (நெட்வொர்க் வழிக் கோப்புறை), பதில் சொல்லாத ஃப்யூஸ் (பயனர் நிரல் நடத்தும்) கோப்பமைப்பு ஆகியவை வழக்கமான காரணங்கள். இது பெரும்பாலும் பவர் மேனேஜ்மென்ட் பிழையே இல்லை.

ஒரு சாதனத்தின் பெயரோடு 'ஃபெயில்ட் டு சஸ்பெண்ட்' என்று வந்தால், கூடவே வரும் எண்ணைப் பாருங்கள். மைனஸ் 16 என்றால் சாதனம் வேலையாக இருக்கிறது என்று டிரைவர் மறுக்கிறது. மைனஸ் 110 என்றால் சாதனம் குறித்த நேரத்தில் பதில் தரவில்லை. மைனஸ் 5 என்றால் அதனோடு பேசுவதே தவறிவிட்டது. லாகைத் தோண்ட நேரமில்லை என்றால் /சிஸ்/பவர்/சஸ்பெண்ட்_ஸ்டாட்ஸ் கோப்புறையில் கடைசியாகத் தவறிய சாதனம், தவறிய கட்டம், பிழை எண் மூன்றும் தனித்தனிக் கோப்பாக இருக்கின்றன.

டிரைவர் மாட்யூலாக (ஏற்றி இறக்கக்கூடிய தனித் துண்டாக) இருந்தால் அதை இறக்கிவிட்டு மறுபடி தூங்க வையுங்கள். தூங்கினால் ஆள் கிடைத்துவிட்டது. நேராகக் கடைசிப் பகுதிகளுக்குப் போகலாம்.

தூங்குகிறது, ஆனால் காலையில் பேட்டரி காலி

முதலில் எண் வேண்டும். 'நிறைய குறைகிறது' என்பதை வைத்துக்கொண்டு எதையும் ஒப்பிட முடியாது. /சிஸ்/கிளாஸ்/பவர்_சப்ளை கோப்புறையில் பேட்டரியின் பெயரில் உள்ள துணைக் கோப்புறையில் எனர்ஜி_நவ் என்ற கோப்பு இருக்கும். மதிப்பு மைக்ரோவாட் மணியில். தூங்க வைக்கும் முன்பும் எழுந்த பின்பும் அதைக் குறித்து, வித்தியாசத்தைத் தூங்கிய மணி நேரத்தால் வகுத்தால் சராசரி வாட் கிடைக்கும். சில லேப்டாப்கள் இதற்குப் பதில் சார்ஜ்_நவ் தரும். அது மைக்ரோஆம்பியர் மணியில் இருப்பதால் வோல்டேஜால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

50 வாட் மணி பேட்டரி உள்ள லேப்டாப் தூக்கத்தில் 1 வாட் இழுத்தால் 8 மணி நேரத்தில் 16 சதவீதம் போய்விடும். 0.3 வாட் என்றால் 5 சதவீதத்துக்கும் குறைவு. பத்தில் சில பங்கு வாட்தான் வருகிறது என்றால் தூக்கம் நன்றாகவே நடக்கிறது, தேட ஒன்றும் இல்லை. சில வாட் வரை போனால் சிப்செட் ஆழமான நிலைக்கு இறங்கவே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

அதை உறுதி செய்ய வன்பொருளையே கேட்க வேண்டும். கர்னல் 6.4 முதல் சஸ்பெண்ட்_ஸ்டாட்ஸ் கோப்புறையில் லாஸ்ட்_ஹெச்டபிள்யூ_ஸ்லீப் என்ற கோப்பு இருக்கிறது. கடைசித் தூக்கத்தில் வன்பொருள் உண்மையாகவே ஆழமான நிலையில் இருந்த நேரத்தை அது மைக்ரோவிநாடியில் சொல்லும். 10 நிமிடம் தூங்க வைத்தால் இந்த எண் 60 கோடிக்குப் பக்கத்தில் வர வேண்டும். 0 வந்தால், திரை அணைந்திருந்ததே தவிர இயந்திரம் தூங்கவில்லை. சில கோடியிலேயே நின்றால் தூக்கம் இடையிடையே கலைகிறது. அதற்கு அடுத்த பகுதியைப் பாருங்கள்.

0 வந்தால் இனி இன்டெலும் ஏஎம்டியும் பிரியும்.

இன்டெலில், சிபியு பேக்கேஜ் முழுவதும் பிசி10 என்ற மிக ஆழமான நிலைக்குப் போனதா என்பது முதல் கேள்வி. டீபக்எஃப்எஸ்ஸில் (கர்னல் தன் உள்நிலையைக் காட்டும் கோப்பமைப்பு) பிஎம்சி_கோர் கோப்புறைக்குள் பேக்கேஜ்_சிஸ்டேட்_ஷோ என்ற கோப்பு உண்டு. தூக்கத்துக்கு முன்னும் பின்னும் அதைப் படித்து, எந்த வரியின் எண் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். பிசி2 அல்லது பிசி3 மட்டும் ஏறி, பிசி10 அசையாமல் இருந்தால், சிபியுவோடு நேரடியாகப் பேசும் ஏதோ ஒன்று அதை இறங்கவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. என் சந்தேகப் பட்டியலில் என்விஎம்இ எஸ்எஸ்டி முதலில் வரும், பிசிஐ எக்ஸ்பிரஸில் உள்ள கார்டு ரீடரும் வைஃபையும் அடுத்து, கிராஃபிக்ஸ் அதற்குப் பின். பிசி10 ஏறியிருக்கிறது, ஆனால் அதே கோப்புறையில் உள்ள எஸ்எல்பி_எஸ்0 நேரம் (சிப்செட் ஆழமான நிலையில் இருந்த நேரம்) மட்டும் 0 என்றால், சிபியு தன் வேலையைச் செய்துவிட்டது. சிப்செட் பக்கம் உள்ள ஏதோ ஒன்று தடுக்கிறது. எல்டிஆர்_ஷோ என்ற கோப்பு, எந்தச் சாதனம் எவ்வளவு விரைவான பதிலை எதிர்பார்க்கிறது என்று காட்டும். மிகக் குறைந்த காத்திருப்பு நேரம் கேட்கும் சாதனம்தான் அநேகமாகக் குற்றவாளி. எல்டிஆர்_இக்னோர் வழியாக அந்த ஒன்றை மட்டும் புறக்கணிக்கச் சொல்லிச் சோதித்துப் பார்க்கலாம். அதைச் சோதனையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், நிரந்தரமாக விடாதீர்கள்.

ஏஎம்டியில், ஆழமான நிலைக்குப் போகவில்லை என்றால் ஏஎம்டி_பிஎம்சி டிரைவரே லாகில் ஒரு வரி எழுதிவிடும். டீபக்எஃப்எஸ்ஸில் அதன் கோப்புறைக்குள் எஸ்0ஐஎக்ஸ்_ஸ்டாட்ஸ் கோப்பும் இருக்கிறது. ஏஎம்டி இதற்கென்றே சோதனைக் கருவித்தொகுப்பு ஒன்றைப் பராமரிக்கிறது. பயாஸ் அமைப்பிலிருந்து என்விஎம்இ வரை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, எது குறை என்று அது அறிக்கை தரும். ஏஎம்டி லேப்டாப் வைத்திருப்பவர்கள் கையால் தோண்டுவதற்கு முன் அதை ஓட்டிவிடுவதே நல்லது.

எந்தப் பக்கமாக இருந்தாலும், ஒரு சாதனத்தைச் சந்தேகித்தால் அதைத் தனிமைப்படுத்துங்கள். பயாஸில் அணைக்க முடிந்தால் அணைத்துவிட்டு, அல்லது டிரைவரை இறக்கிவிட்டு, அதே 10 நிமிடச் சோதனையை மறுபடி ஓட்டுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. டிரைவர் இல்லாத சாதனம் முழு மின்சாரத்தில் அப்படியே நின்றுவிடுவதும் உண்டு. அதனால் 'டிரைவரை இறக்கினேன், மாற்றம் இல்லை' என்பதை வைத்து அந்தச் சாதனம் நிரபராதி என்று முடிவு கட்ட முடியாது.

தானாக எழுந்துகொள்கிறது

பைக்குள் வைத்த லேப்டாப் சூடாக இருந்தால் பெரும்பாலும் இதுதான். எழுந்த உடனே /சிஸ்/பவர்/பிஎம்_வேக்கப்_ஐஆர்க்யூ கோப்பைப் படியுங்கள். எழுப்பிய இன்டரப்டின் (சாதனம் சிபியுவுக்கு அனுப்பும் அழைப்பு) எண் அதில் இருக்கும். /ப்ராக்/இன்டரப்ட்ஸ் பட்டியலில் அதே எண்ணைத் தேடினால் யார் என்று தெரியும். 1 என்றால் கீபோர்டு. 9 என்றால் ஏசிபிஐ (ஃபர்ம்வேரும் கர்னலும் பேசிக்கொள்ளும் இடைமுகம்). அப்படி வந்தால் இன்னொரு அடி உள்ளே போக வேண்டும். மூடி, சார்ஜர், எம்பெடட் கன்ட்ரோலர், பவர் பட்டன் எல்லாமே அந்த ஒரு கதவு வழியாகத்தான் வரும். /சிஸ்/ஃபர்ம்வேர்/ஏசிபிஐ/இன்டரப்ட்ஸ் கோப்புறையில் ஜிபிஇ என்று தொடங்கும் கோப்புகள் ஒவ்வொன்றும் ஓர் ஏசிபிஐ நிகழ்வின் கவுன்டர். தூக்கத்துக்கு முன் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேமித்து, பின்னும் சேமித்து, டிஃப் எடுங்கள். ஏறியிருப்பதுதான் எழுப்பியது.

இன்னொரு கோணம் டீபக்எஃப்எஸ்ஸில் உள்ள வேக்கப்_சோர்சஸ் கோப்பு. அதையும் முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள். யுஎஸ்பி ரிசீவர், டச்பேட், நெட்வொர்க் அட்டை போன்றவை பெயரோடு இங்கே மாட்டும். சந்தேகப்பட்ட சாதனத்தின் பவர் துணைக் கோப்புறையில் உள்ள வேக்கப் கோப்பில் 'டிஸேபிள்ட்' என்று எழுதி, இரவு முழுக்க விட்டுப் பாருங்கள். /ப்ராக்/ஏசிபிஐ/வேக்கப் கோப்பிலும் பெயரை எழுதி மாற்றலாம். ஆனால் அது ஸ்விட்ச் போல: ஒருமுறை எழுதினால் அணையும், மறுமுறை எழுதினால் இயங்கும். பூட் ஸ்கிரிப்டில் போடும்போது தற்போதைய நிலையைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

எழவே இல்லை

எல்லாரையும் பயமுறுத்தும் அறிகுறி இது. லாக் வட்டுக்குப் போவதற்குள் இயந்திரம் நின்றுவிடுவதால், பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்த பின் பார்த்தால் எதுவும் மிஞ்சியிருக்காது.

முதலில் உண்மையிலேயே செத்துவிட்டதா என்று பாருங்கள். கேப்ஸ் லாக் அழுத்தினால் விளக்கு மாறுகிறதா? வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைய முடிகிறதா? முடிந்தால் கர்னல் எழுந்துவிட்டது, திரைதான் எழவில்லை. கிராஃபிக்ஸ் டிரைவரைப் பாருங்கள். லாகும் கையில் இருக்கிறது.

எதற்கும் அசையவில்லை என்றால் பிஎம்_டெஸ்ட் என்ற அருமையான வசதி இருக்கிறது. தூக்கத்தின் படிகளை ஒவ்வொன்றாக ஒத்திகை பார்க்க வைக்கும் வசதி இது. /சிஸ்/பவர்/பிஎம்_டெஸ்ட் கோப்பில் 'ஃப்ரீஸர்' என்று எழுதிவிட்டு ஸ்டேட் கோப்பில் 'மெம்' என்று எழுதினால், கர்னல் ப்ராசஸ்களை உறைய வைக்கும், 5 விநாடி காத்திருக்கும், திரும்பிவிடும். அடுத்து 'டிவைசஸ்': சாதனங்களையும் தூங்க வைத்துத் திரும்பும். அப்புறம் 'பிளாட்ஃபார்ம்', 'ப்ராசஸர்ஸ்', 'கோர்' என்று ஒவ்வொரு படியும் கொஞ்சம் ஆழமாகப் போகும். எஸ்2ஐடிலுக்கு முதல் மூன்று படிகள் மட்டுமே செல்லும். எந்தப் படியில் முதலில் தொங்குகிறதோ (அசைவின்றி நின்றுவிடுகிறதோ) அங்கேதான் பிழை. ஒவ்வொரு படியையும் பல முறை ஓட்டுங்கள். முதல் தடவை தப்பித்து மூன்றாம் தடவை தொங்கும் டிரைவர்கள் இருக்கின்றன. முடிந்ததும் 'நன்' என்று எழுதி இயல்புக்குத் திருப்புங்கள்.

பெரும்பாலும் 'டிவைசஸ்' படியில்தான் மாட்டும். அப்படி என்றால் மாட்யூல்களைப் பாதி பாதியாக இறக்கிச் சோதிப்பது ஒரு வழி. அதோடு பிஎம்_அசிங்க் கோப்பில் 0 எழுதிவிடுங்கள். இயல்பாகக் கர்னல் பல சாதனங்களை ஒரே நேரத்தில் தூங்க வைக்கும். 0 எழுதினால் வரிசையாக ஒவ்வொன்றாகப் போகும். அப்படிப் போகும்போது பிழை மறைந்தால், இரண்டு சாதனங்களுக்கு நடுவில் யார் முன், யார் பின் என்ற வரிசைதான் கர்னலுக்குத் தெரியாமல் போயிருக்கிறது. பிழையைச் சரிசெய்பவருக்கு இந்த ஒரு தகவலே பாதி வேலையை முடித்துவிடும். 'நோ_கன்சோல்_சஸ்பெண்ட்' என்ற பூட் ஆப்ஷன் கொடுத்து, வரைகலை இல்லாத கன்சோலில் சோதித்தால், தொங்கும் முன் வந்த கடைசி வரி சில சமயம் திரையிலேயே நிற்கும். ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிஎம்_டெஸ்ட் படிகள் எல்லாம் தேறிவிடுகின்றன, உண்மைத் தூக்கத்தில் மட்டும் எழவில்லை என்றால், எக்ஸ்86 இயந்திரங்களில் பிஎம்_ட்ரேஸ் கடைசி ஆயுதம். எழும்போது எந்த வரி வரை வந்தோம், எந்தச் சாதனத்தில் இருந்தோம் என்பதைச் சுருக்கிய ஹாஷ் எண்ணைக் கர்னல் எங்கே எழுதி வைக்கும் தெரியுமா? மதர்போர்டின் கடிகாரத்தில். இயந்திரம் தொங்கினாலும், ரீபூட் ஆனாலும் அழியாத இடம் அது ஒன்றுதான். பிஎம்_ட்ரேஸ் கோப்பில் 1 எழுதி, தூங்க வைத்து, எழுப்பிப் பார்த்து, தொங்கியதும் உடனே ரீபூட் செய்யுங்கள். கடிகாரம் ஓடிக்கொண்டே இருப்பதால் சுமார் 3 நிமிடத்துக்குள் கர்னல் பூட் ஆகிவிட வேண்டும். தாமதித்தால் எண் மாறிவிடும். பூட் ஆனதும் டிமெசேஜில் 'மேஜிக் நம்பர்' என்ற வரியையும், அதன் கீழ் 'ஹாஷ் மேட்சஸ்' என்ற வரிகளையும் தேடுங்கள். கோப்பின் பெயரும் வரி எண்ணும், சில சமயம் சாதனத்தின் முகவரியும் கிடைக்கும். ஹாஷ் சிறியது என்பதால் சம்பந்தமில்லாத சாதனமும் பொருந்தலாம். இரண்டு மூன்று முறை ஓட்டி, திரும்பத் திரும்ப வருவதை மட்டும் நம்புங்கள். வேலை முடிந்ததும் கடிகாரத்தைச் சரிசெய்ய வேண்டும். தேதி எங்கோ போயிருக்கும், சான்றிதழ் பிழை என்று இணையதளங்கள் திறக்க மறுக்கும்.

மேஜிக் நம்பரே வரவில்லை, டீப் தூக்கத்தில் மட்டும் இப்படி என்றால், கட்டுப்பாடு கர்னலுக்குத் திரும்பி வரவே இல்லை என்ற சந்தேகம் வலுக்கும். எஸ்3யிலிருந்து எழும்போது முதலில் ஓடுவது ஃபர்ம்வேர். பயாஸ் அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள்.

எழுந்தது, ஆனால் ஒன்று காணவில்லை

வைஃபை, டச்பேட், ஒலி இவற்றில் ஒன்று எழுந்த பின் வேலை செய்யாது. டிரைவரை இறக்கி ஏற்றினால் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பினால் டிரைவரின் எழும் பாதையில் குறை. திரும்பவில்லை என்றால் சாதனத்துக்கு மின்சாரமே மீளாமல் இருக்கலாம். என்விஎம்இ காணாமல் போனால் மட்டும் கவனம் வேண்டும்: கோப்பமைப்பு படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய்விடும், லாகும் எழுதப்படாது. நெட்கன்சோல் வழியாக லாகை வேறு கணினிக்கு அனுப்பும் ஏற்பாட்டை முதலிலேயே செய்துகொள்ளுங்கள்; தரவை பேக்கப் எடுத்துவிட்டே சோதனையைத் தொடருங்கள்.

விழித்திருக்கும்போதே பேட்டரி கரைகிறது, விசிறி ஓய்வதில்லை

டாப் கட்டளையில் கேவொர்க்கர் என்ற கர்னல் த்ரெட் ஒரு கோரை முழுக்க எடுத்துக்கொண்டிருந்தால், மேலே சொன்ன ஜிபிஇ கவுன்டர்களைப் பாருங்கள். ஒன்று விநாடிக்கு ஆயிரக்கணக்கில் ஏறிக்கொண்டிருந்தால் இன்டரப்ட் புயல். அந்தக் கோப்பில் 'டிஸேபிள்' என்று எழுதினால் உடனே அடங்கும். அந்த ஜிபிஇ எதற்கானது என்று தெரியாமல் நிரந்தரமாக அணைத்தால், மூடியோ பேட்டரி அறிவிப்போ வேலை செய்யாமல் போகலாம்.

சிபியு சும்மா இருக்கிறது, வாட் மட்டும் குறையவில்லை என்றால் டர்போஸ்டாட் ஓட்டி பேக்கேஜ் எந்த நிலை வரை இறங்குகிறது என்று பாருங்கள். பவர்டாப்பும் உதவும், ஆனால் அதன் 'ஆட்டோ-ட்யூன்' வசதியை இப்போதைக்குத் தொடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடும், எதனால் குறைந்தது என்று தெரியாது. பிசிஐ சாதனங்களின் பவர் கோப்புறையில் உள்ள கன்ட்ரோல் கோப்பில் 'ஆன்' என்று இருப்பவற்றை 'ஆட்டோ' என்று ஒவ்வொன்றாக மாற்றி அளந்து பாருங்கள்.

பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்புகள் சும்மா இருக்கும்போது இறங்கும் ஏஎஸ்பிஎம் நிலைகளும் பெரிய பங்கு வகிக்கின்றன. எல்எஸ்பிசிஐ கட்டளையை இரட்டை வி ஆப்ஷனோடு ரூட்டாக ஓட்டினால், ஒவ்வொரு இணைப்பிலும் ஏஎஸ்பிஎம் இயங்குகிறதா என்று தெரியும். இதில் ஒரு பழைய நிகழ்வு இன்றும் பாடமாக நிற்கிறது. 2011 மார்ச்சில் வந்த கர்னல் 2.6.38க்குப் பிறகு பல லேப்டாப்களில் மின் செலவு கூடியது. ஏஎஸ்பிஎம் ஆதரவு இல்லை என்று ஃபர்ம்வேர் அட்டவணையில் சொன்ன இயந்திரங்களில், கர்னல் அதை மதித்து எல்லா இணைப்புகளிலும் ஏஎஸ்பிஎம்மை அணைக்கத் தொடங்கியதுதான் காரணம். அதே இயந்திரங்களில் பல, பூட் ஆகும்போது பயாஸே ஏஎஸ்பிஎம்மை இயக்கி வைத்திருந்தவை. முன்பு கர்னல் அதைத் தொடாமல் விட்டது, இப்போது அணைத்தது. 'பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஃபோர்ஸ்' என்ற ஆப்ஷன் பலருக்கு நிவாரணம் தந்தது, சிலருக்கு இயந்திரமே தொங்கியது. கர்னல் நிரலாளர் மேத்யூ காரட்டின் பேட்ச் (திருத்தம்) 2012 மார்ச்சில் வந்த 3.3 பதிப்பில் இதைச் சரிசெய்தது: அப்படிப்பட்ட இடங்களில் பயாஸ் வைத்ததை அப்படியே விட்டுவிடுவது. விதிப்படி சரியாகத் தோன்றும் ஒரு மாற்றமும், ஃபர்ம்வேர் நடைமுறையில் செய்வதோடு ஒத்துப்போகாவிட்டால் பிழையாகிவிடும். உங்கள் லேப்டாப்பில் ஃபோர்ஸ் ஆப்ஷன் பலன் தந்தால் அதை ஒரு தடயமாகப் பதிந்துகொள்ளுங்கள்; அதோடு நிறுத்திவிட வேண்டாம்.

முன்பு சரியாக இருந்ததா? அப்படியானால் பைசெக்ட்

பழைய கர்னலில் சரி, புதியதில் பிழை என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. பிழை எந்தக் கமிட்டில் நுழைந்தது என்பதை டிரைவர் பற்றி எதுவும் தெரியாமலே கண்டுபிடிக்கலாம். நல்ல பதிப்புக்கும் கெட்ட பதிப்புக்கும் நடுவில் உள்ள கமிட்களைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடுவதுதான் பைசெக்ட்.

அதற்கு முன் ஒன்று. கர்னலோடு சேர்ந்து லினக்ஸ்-ஃபர்ம்வேர் தொகுப்போ பயாஸோ அப்டேட் ஆனதா? இன்றைய நிலையில் பழைய கர்னலை பூட் செய்து, பிழை உண்மையிலேயே மறைகிறதா என்று பாருங்கள். மறையவில்லை என்றால் கர்னலைப் பைசெக்ட் செய்வது வீண் உழைப்பு.

மறைந்தால், கர்னல் மூலத்தை எடுத்து 'கிட் பைசெக்ட் ஸ்டார்ட்' சொல்லி, நல்ல பதிப்பையும் கெட்ட பதிப்பையும் குறிக்கலாம். அடுத்தடுத்த இரண்டு வெளியீடுகளுக்கு நடுவில் 14,000 கமிட் இருந்தால் சுமார் 14 முறை கம்பைல் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் எல்லா டிரைவர்களையும் கட்டினால் நாள் போய்விடும். 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' இப்போது ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக் கட்டமைக்கும். அதை ஓட்டும் முன் வழக்கமாக நீங்கள் செருகும் எல்லாவற்றையும் செருகி வையுங்கள். செக்யூர் பூட் இயங்கினால் நீங்கள் கட்டிய கர்னல் கையொப்பம் இல்லாமல் பூட் ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தூக்கப் பிழைகளைப் பைசெக்ட் செய்வதில் உண்மையான ஆபத்து வேறு. 'கெட்டது' என்பது எப்போதும் உறுதியான தீர்ப்பு. ஒருமுறை தொங்கினாலே போதும். 'நல்லது' என்பது நிகழ்தகவு மட்டுமே. ஐந்து முறைக்கு ஒருமுறை தொங்கும் பிழை என்று வைத்துக்கொள்வோம். பத்து முறை தூங்கி எழுந்தது என்று 'நல்லது' குறித்தால், அந்தத் தீர்ப்பு தவறாக இருக்க 10 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது. இருபது முறை ஓட்டினால் சுமார் 1 சதவீதமாகக் குறையும். 14 படிகளில் ஒரே ஒரு தவறான 'நல்லது' போதும். அதற்குப் பின் நடக்கும் எல்லாப் படிகளும் சம்பந்தமில்லாத கமிட் ஒன்றை நோக்கிப் போகும், கடைசியில் அச்சுப்பிழை திருத்திய கமிட்டைக் கொண்டுவந்து நிறுத்தும். அதனால் ஆர்டிசிவேக்கை ஒரு லூப்பில் வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் எண்ணைப் பதிவு செய்யும் சிறு ஸ்கிரிப்ட் எழுதி, 'நல்லது' சொல்லும் முன் அதைப் போதுமான அளவு ஓட விடுங்கள். பூட் ஆகாத கமிட் வந்தால் ஊகித்துக் குறிக்காமல் 'ஸ்கிப்' சொல்லுங்கள்.

கமிட் கிடைத்ததும் அப்படியே நம்பிவிடாதீர்கள். கெட்ட பதிப்பின் மேல் அந்த ஒன்றை மட்டும் 'கிட் ரிவர்ட்' செய்து (திரும்பப் பெற்று), கட்டி, சோதியுங்கள். பிழை மறைந்தால் ஆதாரம் முழுமை.

தெரிவிப்பது

உங்கள் டிஸ்ட்ரோவின் கர்னலில் பார்த்த பிழை அண்மை மெயின்லைன் (டிஸ்ட்ரோவின் மாற்றங்கள் இல்லாத மூல) கர்னலிலும் இருக்கிறதா என்று ஒருமுறை சோதித்துவிடுங்கள். வெளி மாட்யூல்கள் எதுவும் ஏறியிருக்கக் கூடாது. /ப்ராக்/சிஸ்/கர்னல்/டெய்ன்டெட் கோப்பில் 0 இருப்பது நல்லது. மூலத்தில் உள்ள கெட்_மெய்ன்டெய்னர் ஸ்கிரிப்டிடம் கோப்பின் பெயரைக் கொடுத்தால் யாருக்கு எழுத வேண்டும் என்று சொல்லும். பழையதில் சரி, புதியதில் பிழை என்ற வகையைக் கர்னல் உலகில் மிகத் தீவிரமாக எடுத்துக்கொள்கிறார்கள். அதைக் கண்காணிக்கத் தனி அஞ்சல் பட்டியலும் ரெக்ஸ்பாட் என்ற கருவியும் இருக்கின்றன. கமிட் எண் கையில் இருந்தால் அதை எழுதியவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடிதம் சுருக்கமாக இருக்கட்டும்: அறிகுறி ஒரு வரி, எதிலிருந்து எதுவரை என்று பதிப்பு, தூக்க வகை, அளந்த எண்கள், எந்த பிஎம்_டெஸ்ட் படியில் தொங்குகிறது, கமிட், ரிவர்ட் செய்ததன் விளைவு. நீங்கள் வேறு எந்த ஆப்ஷனால் பிழை மறைகிறது என்று கண்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். அதுவும் ஒரு தடயமே. டிமெசேஜ் முழுமையாக, எல்எஸ்பிசிஐ வெளியீடு, ஏசிபிஐடம்ப் மூன்றையும் இணையுங்கள். /சிஸ்/கிளாஸ்/டிஎம்ஐ/ஐடி கோப்புறையில் உள்ள தயாரிப்பாளர் பெயரும் மாடல் பெயரும் அவசியம். ஒரு மாடலுக்கு மட்டுமான திருத்தம் என்றால் கர்னல் அந்தப் பெயர்களை வைத்தே இயந்திரத்தை அடையாளம் காணும். டிஎம்ஐடிகோட் வெளியீட்டை அனுப்புவதானால் அதில் வரிசை எண்ணும் யுயுஐடியும் இருக்கும், அழித்துவிட்டு அனுப்புங்கள்.

பதிலுக்கு ஒரு பேட்ச் வரலாம். அதே லூப் ஸ்கிரிப்ட், அதே 10 நிமிடத் தூக்கச் சோதனை, அதே வாட் கணக்கு எல்லாவற்றையும் அதன் மேல் ஓட்டி, முன் எண்ணையும் பின் எண்ணையும் எழுதுங்கள். சரியாக இருந்தால் சோதித்தவர் என்று உங்கள் பெயரைப் பேட்ச்சில் சேர்க்கச் சம்மதம் சொல்லலாம். வேலை செய்யவில்லை என்றாலும் புதிய லாகோடு பதில் எழுதுங்கள். அந்த இயந்திரம் உங்களிடம்தான் இருக்கிறது, அவர்களிடம் இல்லை. திருத்தம் உங்கள் டிஸ்ட்ரோவின் கர்னலில் வந்து சேர்ந்ததும், இடைக்காலத்துக்குப் போட்ட பூட் ஆப்ஷனை நீக்கி, முடக்கிய வேக்கப்களைத் திரும்ப இயக்கி, /ப்ராக்/சிஎம்டிலைன் கோப்பை ஒருமுறை படித்துவிட்டு, லேப்டாப்பை ஓர் இரவு முழுக்க மூடி வைத்து, காலையில் எனர்ஜி_நவ் எண்ணைப் பாருங்கள்.